கழற்றும் முன் எடை போடுங்கள்

திருவண்ணாமலைப் பட்டறை அண்ணன்மார்களுக்கும், பொறியியல் கல்லூரி இறுதியாண்டுத் தம்பி தங்கைகளுக்கும் ஒரு திறந்த மடல்



பழைய மாருதி 800, ஆம்னி, நானோ என்று கைக்குக் கிடைத்த வண்டியின் இன்ஜினை இறக்கிவிட்டு மோட்டாரை ஏற்றிப் பார்க்கும் ஆசை உங்களில் பலருக்கு இருக்கிறது. பட்டறையில் அது கைவேலைக்கு வந்த சவால். கல்லூரியில் அது புராஜெக்ட். ஆசை நல்லதுதான். ஆனால் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்துவிடுகிறீர்கள்: வண்டி கனத்துவிடுமே, எதை வெட்டலாம்? பின் சீட்டை எடுத்துவிடலாமா, பானெட்டை ஃபைபரில் செய்யலாமா, கதவுத் தகட்டில் துளை போடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்காரில் சுலபமாகக் குறைக்கக்கூடிய எடை, நீங்கள் ஓடப் போகாத கிலோமீட்டருக்காக ஏற்றி வைக்கும் பேட்டரியின் எடை. அதை முடிவு செய்யாமல் தகரத்தில் கை வைத்தால் நாள் முழுக்க வெட்டினாலும் கணக்கு நேராகாது. மீதிக் கடிதம் முழுக்க இதற்கான கணக்குதான். பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

பெட்ரோல் கார் வைத்திருப்பவர் எடையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. அதற்குக் காரணம் பெட்ரோல். மாருதி 800-இன் டேங்க் 28 லிட்டர். முழுக்க நிரப்பினாலும் பெட்ரோலின் எடை 21 கிலோதான். அதற்குள் இருக்கும் வெப்ப ஆற்றலை வீட்டு மின் மீட்டரில் ஓடும் யூனிட்டாகச் சொன்னால் ஏறத்தாழ 250 யூனிட். அதில் ஐந்தில் நான்கு பங்கை இன்ஜின் சூடாகவும் புகையாகவும் வெளியே விட்டாலும், 50 யூனிட் சக்கரத்துக்கு வந்து சேரும். அந்த 50 யூனிட்டை லெட் ஆசிட் பேட்டரியில் வைக்க 1,400 கிலோ வேண்டும். மாருதி 800 வண்டியே 650 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆக, இரண்டு மாருதியைவிடக் கனமான பேட்டரி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லில் வைத்தால் 450 கிலோ. பெட்ரோல் காருக்குச் சமமாக ஓட வைக்கிறேன் என்று கிளம்பினால், முதல் அடியிலேயே இந்தச் சுவரில் முட்டுவோம்.

நமக்கு முன் முட்டியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 1993-இல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ‘லவ்பேர்ட்’ என்ற இரண்டு பேர் உட்காரும் மின்கார் காட்டப்பட்டது. இந்தியாவின் முதல் மின்கார் என்று அதைச் சொல்வார்கள். சாலக்குடியிலும் கோவையிலும் இயங்கிய எடி கரன்ட் கன்ட்ரோல்ஸ் நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. லெட் ஆசிட் பேட்டரி. ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர். செங்குத்தான ஏற்றத்தில் திணறியது. 1996-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட ஈவி1 காரில் உடல் சட்டகம் அலுமினியம், இருக்கைச் சட்டம் மக்னீசியம். அவ்வளவு செய்தும் வண்டி 1,400 கிலோவில் நின்றது; அதில் 530 கிலோ லெட் ஆசிட் பேட்டரி மட்டும். கிராம் கிராமாகக் குறைத்ததையெல்லாம் பேட்டரி ஒரே வாயில் விழுங்கிவிட்டது. 2001-இல் பெங்களூரில் வெளிவந்த ரேவாவும் எட்டு லெட் ஆசிட் பேட்டரிகளில், 48 வோல்ட்டில் ஓடியது. இரும்புக் குழாய்ச் சட்டகத்தின் மேல் பிளாஸ்டிக் தகடுகளைப் போர்த்தி, பெரியவர் இருவரும் சின்னப் பிள்ளைகள் இருவரும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டதால்தான் அது சந்தையில் நின்றது. அதைச் செய்தவர்கள் முதலில் தேவையைச் சுருக்கினார்கள். வண்டி தானாகச் சுருங்கியது.

இப்போது நம் ஊர்ப் பட்டறையில் முதலில் வாயில் வரும் யோசனைக்கு வருகிறேன்: இன்வெர்ட்டர் பேட்டரி. எங்கும் கிடைக்கும், விலை தெரியும், பழக்கமான சாமான். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்று 55 கிலோ வரும். 72 வோல்ட்டுக்கு ஆறு வேண்டும்: 330 கிலோ. ஐந்து பெரியவர்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உங்கள் வீட்டார் ஏறப் போகிறார்கள் என்று அர்த்தம். நான்கு பேருக்காகக் கணக்குப் போட்ட ஆக்சிலும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் அதைத் தாங்க வேண்டும்.

அவ்வளவு எடைக்கும் கிடைப்பது என்ன? பேப்பரில் 10.8 யூனிட். ஆனால் லெட் ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். ஆகவே கைக்கு வருவது 5.4. மேலும் இன்வெர்ட்டர் பேட்டரி மணிக்கணக்கில் மெதுவாகக் கொடுப்பதற்காகச் செய்தது. அதன் 150 ஆம்பியர்-மணி என்ற கணக்கே 20 மணி நேரத்தில் மெல்ல இறக்கினால்தான். கார் ஏற்றத்தில் 100 ஆம்பியருக்கு மேல் ஒரே இழுப்பாக இழுக்கும்போது அந்தக் கொள்ளளவு இன்னும் சுருங்கும். அதே பலனை லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 6 யூனிட் பேக் கொடுக்கும். பெட்டியோடு சேர்த்து 65, 70 கிலோ. வித்தியாசம் 260 கிலோ. எந்த பானெட்டை ஃபைபரில் செய்தாலும் 260 கிலோ குறையாது.

அடுத்த கேள்வி: எத்தனை யூனிட் வேண்டும்? இதற்கு விடை பட்டறையில் இல்லை, வண்டிக்காரர் வீட்டு வாசலில் இருக்கிறது. தினமும் எங்கே போகிறார்? கிரிவலப் பாதை ஒரு சுற்று 14 கிலோமீட்டர். வீட்டிலிருந்து கடை, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, மாலையில் ஆசிரமப் பக்கம் என்று எவ்வளவு சுற்றினாலும் ஊருக்குள் ஒரு நாளில் 40 கிலோமீட்டர் தாண்டுவது அபூர்வம். சின்ன கார், 40, 50 கிலோமீட்டர் வேகத்தில், கிலோமீட்டருக்கு 100 வாட்-மணி எடுக்கும் என்று வையுங்கள். 6 யூனிட் பேட்டரியில் 5 யூனிட்டைப் பயன்படுத்தினால் 50 கிலோமீட்டர். வேலை முடிந்தது.

"அப்போ சென்னைக்குப் போக முடியாதே" என்பீர்கள். போக முடியாதுதான். சென்னை ஏறத்தாழ 190 கிலோமீட்டர். அதற்குப் பேட்டரி மட்டும் 200 கிலோவைத் தாண்டும். வருஷத்தில் நாலு தடவை போகும் சென்னைக்காக மீதி நாளெல்லாம் அந்த எடையைக் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சுமந்து திரிய வேண்டும். எடை அத்தோடும் நிற்காது. பேட்டரி கூடினால் ஸ்பிரிங் கூட வேண்டும், பிரேக் பெரிதாக வேண்டும், மோட்டார் பெரிதாக வேண்டும், பெரிய மோட்டாருக்கு இன்னும் பேட்டரி வேண்டும். குறைத்தாலும் இதே சங்கிலி எதிர்ப்பக்கம் ஓடும். அந்த நாலு தடவைக்குப் பஸ் இருக்கிறது.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். இன்ஜின், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோலோடு டேங்க் எல்லாம் இறக்கினால் 100 கிலோவை ஒட்டிக் குறையும். மோட்டார், கன்ட்ரோலர், கியர் பாக்ஸோடு இணைக்கும் அடாப்டர் பிளேட், கேபிள் எல்லாம் 60 கிலோ. பேட்டரி 70 கிலோ. 650 கிலோ வண்டி 680 கிலோவில் நிற்கும். வெட்டாமல், துளைக்காமல், சீட்டை எடுக்காமல்.

எடை உண்மையில் எவ்வளவு தின்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால்தான் எங்கே உழைக்கலாம், எங்கே உழைக்க வேண்டாம் என்று புரியும். சமமான சாலையில் டயர் உருளும் எதிர்ப்புக்காக, ஒவ்வொரு 100 கிலோவும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3.3 வாட்-மணி கேட்கும். 50 கிலோமீட்டருக்கு 165 வாட்-மணி. அதை வைத்து ஒன்றரைக் கிலோமீட்டர்தான் கூடுதலாகப் போகலாம். ஆனால் ஊருக்குள் கதை வேறு. மாட வீதியிலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் நின்று நின்று போக வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு ஒரு தடவை எழும்ப, ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 1.7 வாட்-மணி. கிலோமீட்டருக்கு மூன்று தடவை நின்று கிளம்பினால் 5 வாட்-மணி. பிரேக் பிடிக்கும்போது மோட்டார் திருப்பிக் கொடுப்பது இதில் ஒரு பகுதிதான். ஆக, நெரிசலில் எடை அதிகம் பேசும்; போளூர் சாலையில் வேகமாகப் போனால் காற்று அதிகம் பேசும். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு: நான்கு பேரோடு 940 கிலோ வண்டி 500 மீட்டர் உயரம் ஏற, இழப்போடு சேர்த்து 1.6 யூனிட். 6 யூனிட் பேட்டரியில் கால் பங்குக்கு மேல் ஏற்றத்துக்கே போய்விடும்.

இந்த இடத்தில் பட்டறை அண்ணன்மார்களுக்குப் பிடித்த ஒரு செய்தி. டயரில் காற்றுக் குறைந்து உருளும் எதிர்ப்பு ஆறில் ஒரு பங்கு கூடினால், 800 கிலோ வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 4.4 வாட்-மணி நஷ்டம். சமமான சாலையில் அது 100 கிலோ கூடுதல் எடையைவிட மோசம். பிரேக் ஷூ ஒட்டி உரசினாலோ, வீல் அலைன்மென்ட் தப்பினாலோ அதே கதைதான். வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். தங்கு தடையின்றிச் சுற்றுகிறதா என்று பாருங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

இனி, நியாயமாகக் குறைக்கக்கூடிய இரும்பு. முதல் குற்றவாளி நாம் செய்யும் பேட்டரிப் பெட்டிதான். வெல்டிங் கடையில் கை பழகியது 40-க்கு 40, 5 மில்லிமீட்டர் ஆங்கிள். அது மீட்டருக்கு 3 கிலோ. 8 மீட்டர் போட்டால் 24 கிலோ. அதன் மேல் 3 மில்லிமீட்டர் தகடு போர்த்தினால் சதுர மீட்டருக்கு இன்னும் 23.5 கிலோ. அதே சட்டத்தை 25-க்கு 25, 1.6 மில்லிமீட்டர் சதுரக் குழாயில் செய்தால் மீட்டருக்கு 1.2 கிலோ, 8 மீட்டருக்குப் பத்து கிலோவுக்குள். குழாய் முறுக்கத்தையும் ஆங்கிளைவிட நன்றாகத் தாங்கும். அலுமினியத்துக்கு மாறினால் எடை மூன்றில் ஒன்றாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அதன் விறைப்பும் மூன்றில் ஒன்றுதான், அதனால் கனத்தைக் கூட்ட வேண்டி வரும். அதோடு அலுமினிய வெல்டிங் தெரிந்த கையும் வேண்டும்.

அடுத்தது செம்பு. 10 கிலோவாட் இழுக்க 48 வோல்ட்டில் 208 ஆம்பியர். 96 வோல்ட்டில் 104 ஆம்பியர்தான். மின்னோட்டம் பாதியானால் கேபிளும் மெலியும். ஆனால் 60 வோல்ட் நேர்மின்சாரத்தைத் தாண்டிவிட்டால் தொட்டால் ஆபத்து என்ற வகைக்குள் வந்துவிடும். காப்பு, ஃப்யூஸ், சர்வீஸ் சுவிட்ச் எல்லாம் அதற்கேற்ப வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் முதல் வண்டியை 48 வோல்ட்டில் செய்வதே நல்லது. கேபிள் கனத்தால் கூடும் சில கிலோ போகட்டும். கோவையில் நானோவை மின்காராக்கிய ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸின் ‘நியோ’வும் 48 வோல்ட் வண்டிதான். 2022-இல் ரத்தன் டாடாவுக்கு எலெக்ட்ரா ஈவி நிறுவனம் செய்து கொடுத்த நானோ 72 வோல்ட்.

பிறகு சில்லறைச் சாமான்கள். பழைய வண்டியில் தட்டித் தட்டிப் பட்டி பார்த்த கதவுகள், தகரத்துக்கு மேல் விரல் கனத்துக்குப் பட்டி. டிங்கரிங்கைச் சரியாகச் செய்தால் அது போகும். முன்னும் பின்னும் மாட்டிய இரும்பு கிராஷ் கார்டு போகட்டும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக உத்தரவிட்டிருக்கிறது. சப்வூஃபர், கேரியர், சீட்டின் மேல் சீட் கவர் போகட்டும். டயர் அழுத்தத்தைக் காட்டும் அமைப்பும் பஞ்சர் போடும் கிட்டும் இருக்கும் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதி மாறியது. பழைய வண்டிக்காரர் விதியைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்யட்டும்.

எவ்வளவு எடை என்பதைப் போலவே எங்கே எடை என்பதும் முக்கியம். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதியில் வரும் பெரிய தேரை நினைத்துப் பாருங்கள். கெட்டி மரமும் சக்கரமும் இரும்பு அச்சும் அடியில். அண்ணாந்து பார்க்க வைக்கும் மேல் பகுதி கம்பும் சீலையும் தொம்பையும். காருக்கும் அதே நியாயம். பேட்டரியை டிக்கியில் அடுக்கினால் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். முன் சக்கரம் இழுக்கும் மாருதியில் முன்பாரம் குறைந்தால் மழையில் சக்கரம் வழுக்கும். திருப்பத்தில் வால் வீசும். பேட்டரியில் ஒரு பாதியை இன்ஜின் இருந்த இடத்திலும் மறு பாதியைப் பெட்ரோல் டேங்க் இருந்த இடத்திலும், எவ்வளவு தாழ வைக்க முடியுமோ அவ்வளவு தாழ வையுங்கள். ஹப் மோட்டாரைச் சக்கரத்துக்குள் வைத்தால் கியர் பாக்ஸ் எடை மிச்சம் என்பவர்களுக்கு ஒன்று: அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே போய்விடுகிறது. நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களில் ஒவ்வொரு அடியும் டயருக்கும் பேரிங்குக்கும் நேராக விழும்.

தொடக் கூடாதவை எவை என்பதை மாணவர்கள் இரண்டு தடவை படியுங்கள். கதவுக்குள் இருக்கும் மோதல் தடுப்புக் கம்பி, பம்பருக்குள் இருக்கும் குறுக்குச் சட்டம், சீட் பெல்ட் பூட்டும் இடம், தரையின் குறுக்கு விட்டங்கள், ஹேண்ட் பிரேக். இவற்றில் 10 கிலோ எடுத்தால் 50 கிலோமீட்டர் ஓட்டத்தில் மிச்சமாகும் மின்சாரம் இன்னும் 160 மீட்டர் ஓடத்தான் போதும். நின்று நின்று ஓட்டினால் இருமடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெருக்கோடி வரை போகலாம். அதற்காக ஓர் உயிரை அடகு வைக்க முடியாது. ரேவாவுக்கு லண்டனில் ‘ஜி-விஸ்’ என்று பெயர். அங்கே அது காராகப் பதிவாகவில்லை. பேட்டரி நீங்கலாக எடை குறைந்த குவாட்ரிசைக்கிள் வகையில் வந்தது, அந்த வகைக்குக் காருக்கான மோதல் சோதனை கட்டாயமில்லை. 2007-இல் பிரிட்டன் போக்குவரத்துத் துறை மோதிப் பார்த்தபோது பாதுகாப்பைப் பற்றிக் கடுமையான கேள்விகள் எழுந்தன. குறைந்த எடை சட்டத்தை ஜெயிக்கலாம். எதிரே வரும் லாரியை ஜெயிக்காது.

பேட்டரிப் பெட்டியிலும் எடை மிச்சம் பிடிக்கக் கூடாத சாமான்கள் உண்டு: செல் ஒவ்வொன்றையும் கண்காணிக்கும் பி.எம்.எஸ்., ஃப்யூஸ், கான்டாக்டர், செல்களுக்கு இடையிலான காப்புத் தகடு, வாயு வெளியேறும் வழி. 2022 மார்ச்சில் பக்கத்து வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டில் நடந்த இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரி பாதுகாப்புத் தரங்கள் இறுக்கப்பட்டு, டிசம்பர் முதல் படிப்படியாக அமலுக்கு வந்தன.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரம் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மின்காராக மாற்றுவதற்கு வழி இருக்கிறது: ஏஐஎஸ்-123 தரப்படி சோதித்து ஒப்புதல் பெற்ற கிட், அதைப் பொருத்த அனுமதி பெற்றவர், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. திருத்தம், பிறகு இன்ஷூரன்ஸ். சோதனை அமைப்புகள் புனேயிலும் மானேசரிலும், நமக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் இருக்கின்றன. அந்த வழியில் போகாத வண்டி கல்லூரி வளாகத்துக்குள்ளும் சொந்த நிலத்துக்குள்ளும் ஓடலாம். கூட்டம் நடக்கும் கிரிவலப் பாதையில் அதைச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் இரு தரப்பும் சேர்ந்து செய்ய ஒரு வேலை. ஊருக்கு வெளியே நெல் லாரியும் கரும்பு லாரியும் ஏறும் எடைமேடைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள். முழு வண்டியை ஒரு தடவை, முன் சக்கரங்களை மட்டும் ஒரு தடவை, பின் சக்கரங்களை மட்டும் ஒரு தடவை. கழற்றும் முன் ஒரு சுற்று, வேலை முடிந்த பின் ஒரு சுற்று, நான்கு பேரை ஏற்றி ஒரு சுற்று. இடையில் கழற்றிய ஒவ்வொரு சாமானையும் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். வேலை முடிந்த பின் அந்த உயரம் மாறியிருந்தால் ஸ்பிரிங்கும் பாரமும் சேரவில்லை என்று பொருள்.

பட்டறைக்காரருக்குக் கை தெரியும், கணக்கு எழுதும் பழக்கம் குறைவு. மாணவருக்குக் கணக்கு தெரியும், ஸ்பேனர் பிடித்த கை குறைவு. ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காருங்கள். புராஜெக்ட் பார்க்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வண்ணப் படங்கள் போட்ட ரிப்போர்ட்டுக்கு முன்னால் எடைமேடைச் சீட்டைக் கேளுங்கள். சீட்டு இல்லாத புராஜெக்டுக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள். கொண்டு வந்த சீட்டுகளைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்தால், அடுத்து வருபவர் எந்தச் சாமானுக்கு எத்தனை கிலோ என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்வார்.

உங்கள் வண்டியின் முதல் சுற்றுச் சீட்டோடு, அது ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். பேட்டரிக் கணக்கைச் சேர்ந்து போடுவோம். அதுவரை ஹேக்ஸா ப்ளேடு உறையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ஊர்க்காரன் ஒருவன்,
திருவண்ணாமலை